இருபத்தொன்றரை மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, கழிவுநீர் நிலையத்தின் லேபில், அவள் ஒரு பாட்டில் தண்ணீரில் மீட்டரை விட்டாள். அதற்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது மாதத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை. அதை ஒன்றாம் தேதியே முடித்தாகிவிட்டது. மீட்டரைத் துடைத்து உறையில் போடும் முன், சும்மா, கைக்கு எட்டிய பாட்டிலில் ஒருமுறை முக்கினாள்.

மீட்டர் 287 என்று காட்டியது.

அவள் முனையைக் கழுவி மறுபடி விட்டாள். 286. பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி. 287.

பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘இறுதி வெளியேற்றம், காலை 6.00’ என்று அவளுடைய தம்பியின் கையெழுத்து இருந்தது. இறுதி வெளியேற்றம் என்றால் அந்தக் கழிவுநீர் நிலையத்தின் கடைசிக் குழாய். ஊரின் கழிவறைகளிலும் குளியலறைகளிலும் சமையல் தொட்டிகளிலும் இருந்து வருகிற தண்ணீர், ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே பயணம் செய்து அந்தக் குழாயில் வந்து முடியும். வாசலிலேயே கம்பித் தட்டி துணியையும் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும். மணல் ஒரு குழியில் தங்கும், கனத்த அழுக்கு இன்னொரு தொட்டியில் தங்கும். அடுத்தது காற்றுத் தொட்டி. அடியிலிருந்து குமிழிக்கிற காற்றை மூச்சாக வாங்கிக்கொண்டு கோடானுகோடி நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்கிற இடம் அது. தின்று கொழுத்து அவை அடியில் படிய, மேலே தெளிந்தது மணல் வடிகட்டிக்குப் போகும். கடைசியாக, எல்லோரும் ‘லைட் ரூம்’ என்று சொல்கிற கட்டடம். அங்கே நீளமான ஒரு கால்வாயில் மூழ்கியபடி நாற்பத்தெட்டு புற ஊதா விளக்குகள். அந்த வெளிச்சத்தைக் கடந்து போகிற கிருமி அதற்குப் பிறகு பெருக முடியாது.

இவ்வளவும் செய்தாலும் உப்பை எதுவும் தொடாது. நுண்ணுயிர் அதைத் தின்னாது, மணல் பிடிக்காது, விளக்கு எரிக்காது. பன்னிரண்டு வருடமாக அந்தக் கடைசிக் குழாயின் தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்குக் கீழே வந்து அவள் பார்த்ததில்லை.

லேபின் மூலையில் கை கழுவுகிற குழாய் இருந்தது. ஊருக்கு வரும் நல்ல தண்ணீர். ஒரு குவளையில் பிடித்து மீட்டரை விட்டாள். 285.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கணுக்கால் பிசகி மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் பாட்டில்களை அவளேதான் கொண்டுபோய் நிரப்பிவருவாள்; லேபிலிருந்து கடைசிக் குழாய்க்கு அரை கிலோமீட்டர் நடை. கால் வீங்கிய அன்று, இரவு ஷிஃப்டில் இருந்த தம்பிதான் சொன்னான்: “நீ ஏன்க்கா நொண்டிக்கிட்டு வெயில்ல அலையற? ஷிஃப்ட் முடிஞ்சு போறப்ப நானே புடிச்சுட்டு வந்து வச்சுடறேன்.” கால் சரியான பிறகும் அவனே கொண்டுவந்தான். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவள்தான் குளிப்பாட்டி, படிக்கவைத்து, கெஞ்சிக் கூத்தாடி இந்த நிலையத்திலேயே ஆபரேட்டர் வேலையும் வாங்கிக்கொடுத்தாள்.

அறிக்கைக் கோப்பைப் புரட்டினாள். பதினாறு வேலைநாள், பதினாறு அறிக்கை. ‘மலக்கிருமி: பூஜ்யம்.’ பதினாறிலும் பூஜ்யம். முன்பெல்லாம் இரண்டு வரும், மூன்று வரும், ஒரு நாள் பூஜ்யம் வரும். தண்ணீருக்கு அப்படித்தான் வரும். பதினாறு நாள் தொடர்ந்து பூஜ்யம் வந்தபோது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் கையெழுத்து.

அந்தத் தண்ணீர் ஊதா நிறக் குழாய் வழியாக அறுநூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்குப் போகிறது. கழிவறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும்தான். கூடவே பூங்காவில் தரையிலிருந்து பீச்சியடிக்கிற ஒரு நீரூற்று. கோடை தொடங்கியதிலிருந்து அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. ‘மறுசுழற்சி நீர், குடிக்கக் கூடாது’ என்று பலகை இருக்கிறது, பெரியவர்களின் மார்பளவு உயரத்தில்.

தம்பியின் வீடும் அந்தக் குடியிருப்பில்தான். அவள் போன் போட்டாள். தம்பி மனைவி எடுத்தாள்.

“தூங்கறாரு அண்ணி. எழுப்பட்டுமா?”

“வேணாம், தூங்கட்டும். வாலு என்ன பண்ணுது?”

வாலு என்பது தம்பியின் மகள். எட்டு வயது. உண்மையான பெயரைச் சொன்னால் அதற்கே திரும்பிப் பார்க்கத் தெரியாது.

“என்ன பண்ணும்? லீவு விட்டும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கு. உங்க தம்பிகிட்ட நீங்களாவது சொல்லுங்க அண்ணி. இந்த வெயில்ல எல்லாப் புள்ளைங்களும் ஃபவுண்டன்ல ஆடுது, இவ மட்டும் ஜன்னல்ல மூஞ்சிய வச்சுட்டு நிக்கறா. போகக் கூடாதுன்னா கூடாதாம். முந்தாநாள் எனக்குத் தெரியாம போயிட்டு நனைஞ்சு வந்தா. அடிச்சுட்டாரு அண்ணி. பொறந்ததுலேர்ந்து ஒரு தடவை கைய ஓங்கினதில்ல, கன்னத்துல அஞ்சு விரலும் பதியற மாதிரி அடிச்சுட்டாரு. அப்பறம் பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போய் சோப்புப் போட்டு அரை மணி நேரம் தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டறாரு. வாயக் கொப்புளி, வாயக் கொப்புளின்னு. எனக்கே பயமாயிடுச்சு.”

“எத்தனை நாளா போகக் கூடாதுன்னு சொல்றான்?”

“ரெண்டு மூணு வாரம் இருக்கும். ஏன் அண்ணி?”

“ஒண்ணுமில்ல. அப்பறம் பேசறேன்.”

லைட் ரூமின் சாவி கண்ட்ரோல் அறையில் இருக்கும். அங்கே கேட்க அவளுக்கு மனமில்லை. மாற்றுச் சாவி ஃபிட்டரிடம் இருந்தது. நிலையத்தில் அவருக்கு ‘மோப்பம்’ என்று பெயர். கண்ணைக் கட்டி எந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் வாடையை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார். அவரைக் கூப்பிட்டதும் ஏன், எதற்கு என்று கேட்காமல் வந்தார். அதுவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

“போன வாரமே தம்பிகிட்ட சொன்னேன் மேடம்,” என்றார் நடந்தபடியே. “கடைசித் தொட்டி வாடை சரியில்லன்னு. ‘உனக்கு ஜலதோஷம்ணே’ன்னுட்டாரு. எனக்கு! ஜலதோஷம்!”

காற்றுத் தொட்டி வழக்கம்போல் பொங்கிக்கொண்டிருந்தது. வடிகட்டியைத் தாண்டி வந்த தண்ணீர் அடி தெரிகிற மாதிரி தெளிவாக ஓடியது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கிருமி கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருந்தால் அவளுக்கு வேலையே இருந்திருக்காது.

லைட் ரூம் கதவில் ‘பராமரிப்பு நடைபெறுகிறது’ என்று அட்டை தொங்கியது. உள்ளே யாரும் எதையும் பராமரித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த அறை எப்போதும் நீலமாக ஜொலிக்கும். கால்வாயின் மூடிகளுக்கு இடையிலிருந்து கசிகிற வெளிச்சத்தில் சுவரெல்லாம் அலையடிக்கும். இப்போது அங்கங்கே ஒரு கீற்றைத் தவிர இருட்டாக இருந்தது. மோப்பம் டார்ச்சை அடித்தார். அவள் மூடி மூடியாக எண்ணிக்கொண்டே போனாள். எரிந்தவை ஒன்பது. மற்ற முப்பத்தொன்பது கண்ணாடிக் குழல்களும் பழுப்பேறி, செத்து, தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வெளியே போனது.

சுவரில் அலாரம் பெட்டி. விளக்கு அணைந்தால் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டிய பெட்டி. அதன் ஒயர் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி அழகாக உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது, திரும்பப் பிரிக்க வாகாக. தம்பி அப்படித்தான் மடிப்பான். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்ட காலத்திலிருந்தே.

“இத நீங்க பாத்ததா இருக்க வேணாம்ணே,” என்றாள்.

“நான்தான் பாத்துட்டேனே,” என்றார் மோப்பம்.

கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாட்டிலில், கடைசிக் குழாயில், தன் கையால் தண்ணீர் பிடித்தாள். லேபில் மீட்டர் 1124 காட்டியது. தண்ணீரை அப்படியேயும், நல்ல தண்ணீர் பத்து மடங்கும் நூறு மடங்கும் கலந்தும், மெல்லிய தாள்களில் வடிகட்டி, தாள்களைத் தட்டுகளில் பரப்பி, இன்குபேட்டரில் வைத்து மூடியபோது மணி பன்னிரண்டரை. கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் பெருகி, இருபத்துநான்கு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற நீலப் புள்ளியாகும். எத்தனை புள்ளி என்று எண்ணுவதுதான் சோதனை. நாளை பன்னிரண்டரைக்கு முன் எதுவும் சட்டப்படி நிரூபணம் ஆகாது.

மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தாத மனிதர். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“லேம்ப் ஆர்டர் போட்டாச்சு மேடம். வியாழக்கிழமை வருது.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“கொஞ்சம் லேம்ப் போயிருக்குன்னு தெரியும். போயிருக்குன்னா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? பிளேட் ரிசல்ட் வந்துடுச்சா?”

“நாளைக்கு மதியம்.”

“அப்ப எத வச்சு லைன நிறுத்தச் சொல்றீங்க? உப்ப வச்சா?” அவர் சிரித்தார். “அறுநூறு வீட்டுல ஃப்ளஷ்ல தண்ணி வரலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“அந்த ஃபவுண்டனையாவது நிறுத்தலாமே சார்.”

“நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க.” பேனா மூடி நின்றது. “பதினாறு ரிப்போர்ட் போயிருக்கு. யார் கையெழுத்து? சாம்பிள் எடுத்தது யாரு? ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பொறப்பு வேற. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். பிளேட் வரட்டும். வந்ததும் முறைப்படி பண்ணுவோம்.”

முறைப்படி என்ற வார்த்தை அவளுக்கு வசதியாக இருந்தது. பின்னாளில் அதை நினைத்து நினைத்துதான் அவள் தூக்கம் போயிற்று. அந்த அறையை விட்டு வெளியே வரும்போது அவளுக்குக் கோபத்தைவிட ஒரு நிம்மதிதான் இருந்தது, ஒரு நாள் கிடைத்துவிட்ட நிம்மதி.

மாலை ஐந்து மணிக்குத் தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு, “வா, மாடிக்குப் போலாம்,” என்றான். உள்ளே வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தது. “அத்தை!” என்று எழுந்து வந்ததை அவன் கையால் தடுத்து உள்ளே அனுப்பினான்.

மொட்டைமாடியில் நான்கு மாடிக்குக் கீழே பூங்கா தெரிந்தது. நீரூற்று மேலெழும்போதெல்லாம் பிள்ளைகளின் கூச்சலும் மேலெழுந்து வந்தது.

“கை கழுவற குழாய்லதான் புடிச்சேன்,” என்றான் அவளைப் பார்க்காமல். “மேனேஜர்தான் சொன்னாரு. ஒரு வாரம் சமாளி, லேம்ப் வந்துடும்னாரு. வாயாலதான் சொன்னாரு, எழுதியா குடுப்பாரு? ஒரு வாரம் ரெண்டு வாரமாச்சு. வியாழக்கிழமை கண்டிப்பா வருதுக்கா. நானே நின்னு மாட்டிடறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல இல்ல?”

“ஆகலன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆகியிருந்தா இந்நேரம் பேச்சு வந்திருக்கும்.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ லைன மூடியிருப்ப. எனக்கு வேலை போயிருக்கும். அவளுக்கு இது ஏழாம் மாசம்க்கா.”

கீழே நீரூற்று மறுபடி எழுந்தது. ஒரு குழந்தை வீலென்று கத்திச் சிரித்தது.

“புள்ளைய எதுக்குடா அடிச்ச?” என்றாள்.

அவன் கைப்பிடிச் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். பிறகு அப்படியே சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். ஒன்பது வயதில் அம்மாவைக் கொண்டுபோன அன்றும் அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவள் கை தன்னாலே அவன் தலைக்குப் போனது. போனதை அவளால் தடுக்க முடியவில்லை.

“நாளைக்கு மதியம் பிளேட் வரும்,” என்றாள். “அதுவரைக்கும்தான்.”

படியிறங்கிப் பூங்கா வழியாக வந்தாள். வேறு வழியும் இருந்தது. நீரூற்றுக்குள் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். ஒன்று வாயை ஆவென்று திறந்துகொண்டு பீச்சியடிக்கிற தண்ணீரை நேராக வாங்கிக் கன்னத்தை உப்பி இன்னொன்றின் மேல் துப்பியது. நான்கு வயது இருக்கும். ஓரத்தில் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்த அதன் அம்மா, தம்பி வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள். இவளை அடையாளம் கண்டு சிரித்தாள்.

“வாங்கக்கா. பாருங்க இந்தச் சுண்டெலிய. வீட்டுக்கு வான்னா வரமாட்டேங்குது.”

நீரூற்றின் வால்வுப் பெட்டி பெஞ்சுக்குப் பத்தடி தள்ளி இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. அவளுக்கு அது தெரியும்.

“வாயில தண்ணி போகாம பாத்துக்கோங்க,” என்றாள்.

“வாய மூடிட்டு வெளையாடற புள்ள எந்த ஊர்லக்கா இருக்கு?” என்று தையல்காரி சிரித்தாள்.

அவளும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு நின்றால் பேச வேண்டியிருக்கும் என்று வேகமாக நடந்தாள்.

மறுநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்து, ஏழரை மணிக்கு இன்குபேட்டரைத் திறந்தாள். இன்னும் ஐந்து மணி நேரம் பாக்கி இருந்தது. காத்திருக்கத் தேவைப்படவில்லை. முதல் தட்டில் புள்ளிகளே தெரியவில்லை. தாள் முழுவதும் ஒரே நீலமாக இருந்தது. தண்ணீரைப் பத்து மடங்கு கலந்து வைத்த தட்டும் அப்படியே. நூறு மடங்கு கலந்ததில்தான் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

பம்ப் அறைக்கு ஓடினாள். மோப்பம் அங்கேதான் இருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்விட்சை இறக்கிவிட்டு, ஊதாக் குழாயின் பெரிய வால்வை இரண்டு கையாலும் திருக ஆரம்பித்தார். மணி ஏழு நாற்பது. மேனேஜர் போனில் கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் போனை வைத்துவிட்டு நேராக நகரச் சுகாதார அலுவலகத்துக்குப் பேசினாள். தன் பெயரையும் வேலையையும் தட்டின் எண்ணிக்கையையும் சொன்னாள். மறுமுனையில் இருந்தவர் எந்தக் குடியிருப்பு என்று மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அந்தக் காலனியிலேர்ந்து ஏழு புள்ளைங்க அட்மிட் ஆகியிருக்கும்மா. ரத்தமாப் போகுதுன்னு. நாங்க ஐஸ்கிரீம் கடைய மூடிவச்சிருக்கோம்.”

சனிக்கிழமைக்குள் ஏழு பத்தொன்பதாயிற்று. பெரும்பாலான பிள்ளைகள் நான்கைந்து நாளில் எழுந்து உட்கார்ந்தன. மூன்று உட்காரவில்லை. அந்தக் கிருமியின் விஷம் அவற்றின் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. மூன்றில் ஒன்று, தையல்காரியின் மகள். அதற்கு வெள்ளிக்கிழமை மாலைதான் வயிற்றுவலி தொடங்கியிருக்கிறது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பெரிய கட்டிலில் துளியூண்டு கிடந்தது அந்தக் குழந்தை. கழுத்தோரம் செருகியிருந்த குழாய் வழியாக ரத்தம் ஒரு இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் டாக்டரை வழிமறித்துக் கேட்டாள்: எந்த நாள் குடித்த தண்ணீரால் இது வந்திருக்கும்?

“சொல்ல முடியாதும்மா. மூணு நாள்லயும் வரலாம், எட்டு நாள்லயும் வரலாம். தெனம் ஆடியிருக்கா. ஞாயித்துக்கிழமையா இருக்கலாம். செவ்வாய்க்கிழமையாவும் இருக்கலாம்.”

தையல்காரி வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

“நீங்க அன்னைக்கே சொன்னீங்களேக்கா,” என்றாள் தையல்காரி. “வாயில போகாம பாத்துக்கோன்னு சொன்னீங்க. நான்தான் பாவி, சிரிச்சேன். நான் பெத்தத நானே இப்படிப் பண்ணிட்டேன்க்கா.”

அவள் சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே. தையல்காரியின் தலை அவள் தோளில் சாய்ந்து குலுங்கியது. அவள் அந்த முதுகைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள்.

ஒரு மாதம் கழித்து விசாரணை. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் வரிசையாக நாற்காலிகள். பின்னால் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். மேனேஜர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். ஆபரேட்டர் தன்னிச்சையாகச் செய்தது என்றார். தம்பி, அவர்தான் சொன்னார் என்றான். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றான். மோப்பத்தைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்ததை எல்லாம் சொன்னார், யாரும் கேட்காத ஜலதோஷம் உட்பட. செவ்வாய்க்கிழமை நண்பகலில் மேடத்துக்குக் கதவு திறந்துவிட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவள் முறை வந்தது. நடுவில் இருந்த அதிகாரி, வயதில் அவளைவிடச் சிறிய பெண், காகிதத்தைப் பார்த்தபடி மரியாதையாகவே பேசினாள். “நீங்க தகவல் குடுக்கலைன்னா இன்னும் நெறைய பேர் பாதிக்கப்பட்டிருப்பாங்க. அத நாங்க பதிவு பண்ணியிருக்கோம். தண்ணி சரியில்லன்னு உங்களுக்கு முதல்ல தெரிஞ்சது புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, சரியா?”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காகிதம் அப்படித்தான் சொன்னது. மேனேஜருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் தையல்காரி.

“இல்லம்மா,” என்றாள். “செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணி பத்து நிமிஷத்துக்கு.”

அதிகாரியின் பேனா நின்றது.

“அதுக்கப்பறம் லைன் மூடற வரைக்கும் எவ்வளவு நேரம் தண்ணி போச்சு?”

“இருபத்தொன்றரை மணி நேரம்.”

“ஏன் மூடல?”

“என் தம்பிங்கறதால.” சொன்ன பிறகு, அது முழுதும் உண்மையில்லை என்று தோன்றியது. “என் கையெழுத்துங்கறதாலயும்.” பிறகு நாற்காலியைத் திருப்பாமல், ஆனால் பின்னால் கேட்கிற மாதிரி, “அன்னைக்கு சாயங்காலம் நான் பார்க்குல நின்னேன். வாயில போகாம பாத்துக்கோங்கன்னு மட்டும் ஒரு அம்மாகிட்ட சொன்னேன். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்குத் தெரிஞ்சுதான் சொன்னேன்,” என்றாள்.

பின்னால் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. யாரோ எழுந்து வெளியே போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் இயந்திரத்தோடு இருந்து வீட்டுக்கு வந்தது. சிறுநீரகங்கள் பாதிதான் வேலை செய்கின்றன. வருடத்துக்கு நான்கு முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆயுசுக்கும். தம்பிக்கு வேலை போயிற்று, வழக்கு நடக்கிறது. மனைவியின் பிரசவத்துக்கு முன்பே அவர்கள் அந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டார்கள். அவளுக்குச் சொல்லிக்கொண்டு போகவில்லை. மகன் பிறந்த செய்தி மோப்பம் சொல்லித்தான் தெரிந்தது. மேனேஜரை வேறொரு நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே இதைவிடப் பெரிய தொட்டிகள்.

அவளை எட்டு மாதம் வெளியே நிறுத்தி, பதவியில் ஒரு படி இறக்கி, மறுபடி எடுத்துக்கொண்டார்கள். லைட் ரூமில் நாற்பத்தெட்டும் புதிது. அலாரம் இப்போது நகர அலுவலகத்திலும் கேட்கும். அவள் தினமும் காலையும் மாலையும் அரை கிலோமீட்டர் நடந்து தானே தண்ணீர் பிடித்தாள். ஒன்று வந்தது, பூஜ்யம் வந்தது, இரண்டு வந்தது, பூஜ்யம் வந்தது. தொண்ணூறு நாள் முடிந்ததும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு குடியிருப்பின் கூட்டத்துக்குப் போனாள். ஊதாக் குழாயை மறுபடி திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கூட்டம்.

குழாய் மூடியதிலிருந்து கழிவறைக்கும் தோட்டத்துக்கும் லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதுவும் வாரம் இரண்டு நாள்தான். பூங்காவில் பாதி மரங்கள் மொட்டையாகிவிட்டன. நிலையத்தில் சுத்தமான தண்ணீர் முழுக்க, யாருக்கும் பயன்படாமல், பக்கத்துக் கால்வாயில் போய் விழுந்தது.

அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினாள். மணலும் விளக்கும் உப்பும், தட்டில் எண்ணுகிற புள்ளிகளும். நீரூற்று வேண்டாம், கழிவறைக்கும் மரத்துக்கும் மட்டும் விடலாம் என்றாள். பேச்சில் ஒரு பொய் இல்லை. தாள்களை முதல் வரிசையில் இருந்தவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, பார்க்காமல், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். அப்படியே கைமாறிக் கைமாறித் தையல்காரியிடம் போனது. அவள் மட்டும்தான் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். கடைசித் தாள்வரை நிதானமாகப் பார்த்தாள். அறை முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது.

“தண்ணி நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் தையல்காரி. “நீங்க சொல்றது நெசம்தான்னு எனக்குப் புரியுது. ஆனா என் வீட்டுக்குள்ள அந்தக் குழாய் வேணாம்.”

வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். எண்ணுவதற்கு அவசியமே இருக்கவில்லை.

வெளியே வந்தபோது லாரி வந்திருந்தது. வாளிகளோடு வரிசை நின்றது. தண்ணீர் பாதியிலேயே தீர்ந்து, வரிசையின் பின்பக்கத்தில் சச்சரவு தொடங்கியிருந்தது. அவள் காலி வாளிகளுக்கு நடுவே வழி கேட்டு, நிலையத்துக்கு நடந்தாள். மாலை சாம்பிள் எடுக்கிற நேரம்.